சி.வி. சரி, துணியில் கோடு: நூற்பாலையில் ஸ்பெக்ட்ரோகிராமைப் படிப்பது எப்படி?

வாசகர் கேள்வி, 2024 ஜூலை 8

எங்கள் ஆலையில் 40-ஆம் நம்பர் கோம்டு நூல் (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பஞ்சில் நூற்றது) ஓடுகிறது. வாரந்தோறும் உஸ்டர் (நூலின் சீர்மைச் சோதனை) எடுக்கிறோம். தடிமன் மாறுபாட்டைச் சொல்லும் சி.வி. 13.4 சதவீதம். மெல்லிய இடம், தடித்த இடம், நெப்ஸ் (சிறு இழை முடிச்சுகள்) எல்லாம் வாடிக்கையாளர் கேட்ட எல்லைக்குள் இருக்கின்றன. ஆனாலும் காற்றால் ஊடை செலுத்தும் ஏர்ஜெட் தறியில் ஊடையாக ஓட்டியபோது காடா துணியில் சாய்ந்த கோடுகள் விழுகின்றன என்று நூல் சுற்றிய சில கோன்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எண் சரியாக இருக்கும்போது துணி எப்படிக் கெடும்? குற்றம் தறியில் இருக்குமா?

ஜூலை 8, இரவு

எண் சரியாக இருப்பதும் துணி கெடுவதும் ஒரே நேரத்தில் நிகழக்கூடியவை. சி.வி. என்பது நூலின் தடிமன் ஏற்ற இறக்கம் அனைத்தையும் ஒரே எண்ணாகச் சுருக்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் எந்த ஒழுங்கில் வருகிறது என்பதைச் சொல்வது அதன் வேலை அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒழுங்கற்ற ஏற்ற இறக்கத்தால் மட்டும் உங்கள் நூலுக்கு 13.0 சதவீத சி.வி. இருக்கிறது என்று கொள்வோம். அதன் மேல், சராசரிக்கு மேலும் கீழும் 5 சதவீதம் போய்வரும் ஒரு சீரான அலை ஏறுகிறது. 5-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் அலையின் சி.வி. ஏறக்குறைய 3.5. இவை நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்கள்தான் கூடும். 169-உடன் 12.5 சேர்ந்து 181.5 ஆகும், அதன் வர்க்கமூலம் 13.47. துணியைத் திருப்பி அனுப்ப வைக்கக்கூடிய ஓர் அலை வந்து சேர்ந்தும், தரப் பதிவேட்டில் அரைப் புள்ளிகூட ஏறவில்லை. வாரத்திற்கு வாரம் இயல்பாகவே அந்த அளவு மாற்றம் இருக்கும் என்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்கவும் மாட்டார்கள்.

மனிதக் கண் வேறு விதமாக வேலை செய்கிறது. சிதறிக் கிடக்கும் ஆயிரம் தடித்த இடங்களை அது பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ஒரே இடைவெளியில் வரும் பத்து இடங்களை உடனே பிடித்துவிடும். ஆகவே கண் பார்ப்பதைக் கருவியும் பார்க்க வேண்டும் என்றால், தடிமன் சமிக்ஞையை அலைநீளம் அலைநீளமாகப் பிரிக்கும் ஸ்பெக்ட்ரோகிராமைத்தான் படிக்க வேண்டும். அது உங்கள் கருவியில் ஏற்கனவே இருக்கிறது. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அச்சாகி, பெரும்பாலான ஆலைகளில் யாரும் பார்க்காமலேயே கோப்புக்குப் போய்விடுகிறது. இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

தறியைக் குற்றம் சொல்லும் முன் நான்கு விவரங்கள் வேண்டும்: ஸ்பெக்ட்ரோகிராமில் சிம்னிபோல எழும் முனைகள் எந்த அலைநீளத்தில் இருக்கின்றன, நூல் நூற்கும் ரிங் ஃபிரேமின் மொத்த டிராஃப்டும் (ரோலர்கள் பஞ்சை எத்தனை மடங்கு இழுத்து நீட்டுகின்றன என்பது) பிரேக் டிராஃப்டும் (அதில் பின் ரோலருக்கும் நடு ரோலருக்கும் இடையிலான பங்கு) எவ்வளவு, ஃபிரண்ட் பாட்டம் ரோலரின் (முன்வரிசைக் கீழ் ரோலர்) விட்டமும் அதன் மேல் அமரும் காட்டின் (ரப்பர் உறையிட்ட மேல் ரோலர்) விட்டமும் எவ்வளவு, தறியில் ஒரு பிக்கிற்கு (ஒரு முறை ஊடை செலுத்தலுக்கு) எவ்வளவு நூல் போகிறது.

ஜூலை 9

இடையில் இன்னொருவர், சி.வி.யையே 9-க்குக் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை தீராதா என்று கேட்டிருக்கிறார். பருத்தியில் ரிங் நூலுக்கு அது நடக்காது. 40-ஆம் நம்பர் நூல் 14.8 டெக்ஸ் (ஆயிரம் மீட்டருக்கு இத்தனை கிராம்). மைக்ரோனேர் (இழை நுண்மை அளவு) 4.0 உள்ள பஞ்சின் ஓர் இழை ஏறக்குறைய 0.157 டெக்ஸ். வகுத்தால் நூலின் குறுக்குவெட்டில் சராசரியாக 94 இழைகள். இழைகள் முற்றிலும் தற்செயலாக அமைந்த, வேறெந்தக் குறையும் இல்லாத நூலுக்கும் ஓர் அடிமட்டச் சீரின்மை உண்டு என்பதை 1945-இல் மார்டிண்டேல் காட்டினார். பருத்திக்கு அது 106-ஐ இழை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து வருவது. 94-க்கு அது 10.9 சதவீதம். அதற்குக் கீழே நூல் நூற்க வேண்டுமானால் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க வேண்டும்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இந்த இயல்பான இரைச்சல் எப்போதும் பெரியது. நாம் தேடும் இயந்திரக் குறை சிறியது. பெரிய இரைச்சலுக்குள் சிறிய ஒழுங்கைத் தேடுவதுதான் இந்த வேலை முழுவதும்.

ஜூலை 10, காலை

விவரங்கள் வந்துவிட்டன. மொத்த டிராஃப்ட் 30, பிரேக் டிராஃப்ட் 1.2, ஆகவே முன்மண்டல டிராஃப்ட் 25. பாட்டம் ரோலர்கள் மூன்றும் 27 மி.மீ., காட் 30 மி.மீ. ஒரு பிக்கிற்கு 165 செ.மீ. நூல். ஸ்பெக்ட்ரோகிராமில் 9 செ.மீ. அருகே உயரமான ஒரு சிம்னி, 2.5 மீட்டர் அருகே சிறிய ஒன்று.

வண்டிச் சக்கரத்தில் ஒரு மேடு இருந்தால் தரையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தழும்பு விழும். இரண்டு தழும்புக்கு இடையிலான தூரத்தை அளந்தால் எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடலாம். ரோலரும் அப்படித்தான். ஒரே வேறுபாடு, அந்தச் சக்கரத்திற்கும் நூலுக்கும் நடுவில் எவ்வளவு டிராஃப்ட் இருக்கிறதோ அவ்வளவு மடங்கு தழும்பின் இடைவெளி நீண்டுவிடும்.

ஃபிரண்ட் பாட்டம் ரோலரின் சுற்றளவு 8.48 செ.மீ.; அதற்குப் பின் டிராஃப்ட் இல்லை. காட்டின் சுற்றளவு 9.42 செ.மீ. நடு ரோலர் ஒரு சுற்று சுற்றும்போது முன்னால் 8.48-இன் 25 மடங்கு, அதாவது 2.12 மீட்டர் வெளியே வருகிறது. பின் ரோலருக்கு 30 மடங்கு, 2.54 மீட்டர். டாப் ஏப்ரன் (நடு மேல் ரோலரைச் சுற்றி ஓடும் பட்டை) 37 மி.மீ. விட்டமுள்ளதாக இருந்தால் அதன் சுற்றளவு 11.6 செ.மீ.; 25-ஆல் பெருக்க ஏறக்குறைய 2.9 மீட்டர். இந்த எண்களிலிருந்து முறுக்கினால் நூல் குறுகும் அளவைக் கழிக்க வேண்டும். உங்கள் நூலுக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பாட்டம் ரோலர் 8.2, காட் 9.1 செ.மீ.; நடு ரோலர் 2.06, பின் ரோலர் 2.46, ஏப்ரன் 2.8 மீட்டர்.

ஆகவே பெரிய சிம்னிக்குக் காட் அல்லது ஃபிரண்ட் பாட்டம் ரோலர். சிறியதற்குப் பின் ரோலர் அல்லது அதைச் சுழற்றும் பல்சக்கரத் தொடர். தறியின் மேல் குற்றம் இல்லை.

ஜூலை 10, பிற்பகல்

காலையில் எழுதியதில் "காட் அல்லது பாட்டம் ரோலர்" என்று இரண்டையும் ஏன் சொன்னேன் என்று கேட்கிறார்கள். 9 என்பது 8.2-ஐ விட 9.1-க்குத்தானே நெருக்கம் என்கிறார்கள். படத்தை நம்பி அவ்வளவு தூரம் போகக் கூடாது. ஸ்பெக்ட்ரோகிராமின் கீழ்க்கோடு மடக்கை அளவில் பிரிக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு தூணும் ஒரு சிறு வீச்சைக் குறிக்கிறதே தவிர ஓர் எண்ணைக் குறிப்பதில்லை. 8.2-உம் 9.1-உம் அடுத்தடுத்த தூண்களில், சில நேரம் ஒரே தூணில்கூட விழும்.

இன்னொரு சிக்கலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. டிராஃப்டிங் அலை என்பது ரோலர் குறையால் வருவது அல்ல. குட்டை இழைகள் இரண்டு நிப்புகளுக்கு (ரோலர் ஜோடி இழையைப் பிடிக்கும் இடங்களுக்கு) நடுவே பிடிப்பின்றி மிதந்து, கும்பலாக இழுபட்டுப் போவதால் வருவது. அதற்கு நிலையான அலைநீளம் இல்லை. சராசரி இழை நீளத்தின் இரண்டரை முதல் மூன்று மடங்கைச் சுற்றிப் பரவி, படத்தில் சிம்னியாக எழாமல் குன்றாகப் படரும். 28 மி.மீ. பஞ்சுக்கு அந்தக் குன்றின் உச்சி 7 முதல் 8.5 செ.மீ. வரை. அதாவது ஃபிரண்ட் ரோலரின் சிம்னி எப்போதும் இந்தக் குன்றின் மேல்தான் முளைக்கும். குன்றை மட்டும் பார்த்து ரோலரைக் கழற்றியவர்களும் உண்டு. சிம்னியைக் குன்று என்று நினைத்து ஸ்பேசரை (ஏப்ரன்களுக்கு இடையிலான இடைவெளியை வைக்கும் துண்டு) மாற்றிக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. குன்றுக்கு மருந்து ரோலர் இடைவெளி, ஸ்பேசர், டாப் ஆர்ம் (மேல் ரோலர்களை அழுத்தும் கை) அழுத்தம், பஞ்சில் குட்டை இழை அளவு. சிம்னிக்கு மருந்து சுழலும் உறுப்பைச் சரிசெய்வதோ மாற்றுவதோ மட்டுமே.

சிம்னி எவ்வளவு உயர்ந்தால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு ஆலைகளில் வழங்கும் வழிகாட்டி இது: அந்த இடத்தில் அடித்தளத்தின் உயரம் எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் சிம்னி எழுந்தால் துணியில் தெரியும். உங்கள் படத்தில் ஏறத்தாழ முழு உயரத்திற்கு எழுந்திருக்கிறது.

ஜூலை 12

காட்டா, பாட்டம் ரோலரா என்பதைப் படத்தை வைத்துத் தீர்க்க வேண்டாம். ஃபிரேமுக்கு அருகில் போய்த் தீர்க்கலாம். பாட்டம் ரோலர் துண்டு துண்டாக இணைத்த ஒரே நீண்ட தண்டு. ஒரு துண்டுக்கு 6 அல்லது 8 ஸ்பிண்டில்கள் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள்). அது வளைந்திருந்தால் அருகருகே உள்ள ஸ்பிண்டில்கள் எல்லாவற்றிலும் அதே சிம்னி வரும். துண்டின் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குறைவாகவும்கூட இருக்கும். காட் அப்படி அல்ல. ஒரு டாப் ரோலர் தண்டில் இரண்டு காட்டுகள் இருந்தாலும் அவை தனித்தனி பேரிங்கில் சுழல்கின்றன. ஆகவே 211-ஆம் ஸ்பிண்டிலில் சிம்னி இருந்து 212-இலும் 210-இலும் இல்லாவிட்டால் அது காட். அருகருகே மூன்று காப்களை (ஸ்பிண்டிலில் நூல் சுற்றிய குழல்கள்) எடுத்து அளந்தால் போதும். பத்து ஃபிரேமிலிருந்து பத்துக் காப் எடுத்து அளந்தால் இந்த விடை கிடைக்காது.

நான் பார்த்த நல்ல ஃபிட்டர்கள் டயல் கேஜுக்கு முன்னால் விரலையே நம்புவார்கள். ஆர்மைத் தூக்கி, டாப் ரோலரைக் கழற்றி, தண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, காட்டின் மேல் வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டை மட்டும் படும்படி வைத்து மெல்லச் சுழற்றுவார்கள். நகத்திற்கும் சதைக்கும் நடுவே உள்ள அந்த ஓரம் வியக்கத்தக்க நுட்பம் கொண்டது. இழை ஓடும் பாதையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால், அல்லது கத்தியால் லேப்பிங்கை (ரோலரில் சுற்றிக்கொண்ட பஞ்சை) வெட்டும்போது ஒரு கீறல் விழுந்திருந்தால், அங்கே விரல் நிற்கும். கீறலுக்குப் படத்திலும் தனி அடையாளம் உண்டு. ஒரு சுற்றில் ஒரே ஓர் இடத்தில் சட்டென்று வரும் அதிர்ச்சி தூய அலையாக இருக்காது; ஆகவே 9.1-இல் ஒரு சிம்னி, அதன் பாதியில் ஒன்று, மூன்றில் ஒரு பங்கில் ஒன்று என வரிசையாக வரும். காட் மையம் விலகியிருந்தால் 9.1-இல் மட்டும் வரும். நீள்வட்டமாகப் போயிருந்தால் ஒரு சுற்றில் இரண்டு மேடு. ஆகவே முதன்மையாக 4.6 செ.மீ.யில் வரும். எங்கே இருக்கிறது என்பதோடு எப்படிக் கெட்டிருக்கிறது என்பதையும் படம் சொல்கிறது.

0.05 மி.மீ. ஆட்டம் நூலை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். காட் மையம் விலகிச் சுழலும்போது அது பாட்டம் ரோலரைத் தொடும் நிப்புக்கோடு மிகச் சிறிது முன்னும் பின்னும் நகர்கிறது. வெளியே போகும் நூலின் வேகத்தோடு ஒப்பிட்டால் அந்த நகர்வு ஒன்றுமே இல்லை. ஆனால் நிப்பை நோக்கி வரும் இழைகள் அந்த வேகத்தில் வரவில்லை. 25-இல் ஒரு பங்கு வேகத்தில் ஊர்ந்து வருகின்றன. நிப்பு சற்றே பின்னால் வந்து இழைகளை எதிர்கொண்டால், அந்தக் கணத்தில் பிடிபடும் இழைகள் கூடும்; முன்னால் விலகினால் குறையும். டிராஃப்ட் உயர உயர இந்தக் குறையும் பெருகும். உயர்ந்த டிராஃப்டில் ஓட்டும் ஆலைகள் காட்டைப் பற்றி இன்னும் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

ஜூலை 13

2.5 மீட்டர் சிம்னி வரை பேசிவிட்டதால், அதைவிட நீண்ட அலைகளைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஆலை ஒன்றில், ஏறக்குறைய எல்லா ரிங் ஃபிரேம்களிலும் நூலில் மிக நீண்ட ஓர் அலை லேசாகத் தெரிந்தது. ரிங் ஃபிரேமின் எந்த உறுப்பும் அந்த நீளத்தைத் தர முடியாது. எல்லா ஃபிரேமிலும் ஒரே நீளத்தில் வருகிறது என்பதே குறை ரிங் ஃபிரேமுக்கு முந்தைய கட்டத்தில் எங்கோ இருக்கிறது என்பதற்குச் சான்று. பஞ்சுத் திரியை இழுத்துச் சீராக்கும் டிராயிங்கில் ஃபிரண்ட் ரோலர் 40 மி.மீ.; ஸ்லைவரில் (அந்தத் திரியில்) அதன் தழும்பு 12.6 செ.மீ.க்கு ஒருமுறை. திரியை மேலும் மெல்லியதாக்கும் சிம்ப்ளெக்ஸில் 10 டிராஃப்ட், ரிங் ஃபிரேமில் 30 டிராஃப்ட். 12.6-ஐ 300-ஆல் பெருக்க 37.7 மீட்டர், முறுக்கைக் கழித்தால் 36 மீட்டருக்குச் சற்று மேல். படத்தில் இருந்ததும் அங்கேதான்.

நிமிடத்திற்கு 400 மீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் மட்டும் சோதித்தால் அந்த அலை பதினோரு முறைதான் திரும்ப வருகிறது. பதினொன்றை வைத்து ஒழுங்கு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தற்செயலாகவும் அப்படி அமையலாம். நாங்கள் சோதனை நீளத்தைக் கூட்டவில்லை. டிராயிங்கின் ஒவ்வொரு டெலிவரியிலிருந்தும் (திரி வெளிவரும் இடத்திலிருந்தும்) ஸ்லைவரை எடுத்து நேராகவே அளந்தோம். அங்கே அதே குறை 12.6 செ.மீ. இடைவெளியில், நூறு மீட்டருக்குள் எண்ணூறு முறை வருகிறது, ஐயத்திற்கே இடமில்லை. ஒரு டெலிவரியில் சிம்னி கம்பம்போல நின்றது.

நீண்ட அலை நூலில் தெரிந்தால் நூலையே மேலும் மேலும் அளந்துகொண்டிருக்காமல், டிராஃப்டால் வகுத்துக்கொண்டே பின்னோக்கிப் போய், குறை பிறந்த இடத்தில் அதை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு டிராயிங் டெலிவரி கெட்டால் அது நிரப்பும் கேன்கள் ஆலை முழுவதும் போகின்றன. ஒரு காட் கெட்டால் ஒரு ஸ்பிண்டில். சோதனை நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

ஜூலை 15

"சில கோன்கள்தான் திரும்பி வந்தன, அதே உயரச் சிம்னி உள்ள வேறு கோன்கள் எந்தப் புகாருமின்றி ஓடிவிட்டன, ஏன்?" என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வி பதில் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை தறியின் கணக்கில் இருக்கிறது.

ஒரு பிக்கிற்கு 165 செ.மீ. நூல். காட்டின் அலை 9.14 செ.மீ. வகுத்தால் 18.05. அதாவது ஒரு பிக்கில் பதினெட்டு அலைகள் முழுமையாக அடங்கி, அரை செ.மீ. மட்டும் மீதி. ஏர்ஜெட்டில் ஊடை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து நுழைவதால், அடுத்த பிக்கின் தடித்த இடங்கள் முந்தைய பிக்கின் தடித்த இடங்களுக்கு அரை செ.மீ. தள்ளி விழும், அதற்கடுத்தது மேலும் அரை செ.மீ. ஏறக்குறைய 19 பிக்குகளில் அது ஒரு முழு அலை நீளத்தைக் கடக்கிறது. இதுதான் அந்தச் சாய்ந்த கோடு.

இப்போது காட்டின் விட்டம் 30-இலிருந்து 29.7 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? அலை 9.05 செ.மீ.; ஒரு பிக்கில் 18.23 அலைகள். ஒவ்வொரு பிக்கிலும் தடித்த இடம் இரண்டு செ.மீ.க்கு மேல் தாவுகிறது. நான்கைந்து பிக்குகளுக்குள் எல்லா இடமும் நிரம்பிவிடுகிறது. கண்ணுக்குக் கோடு கிடைக்காது. துணி சற்று முரடாகத் தோன்றும், அவ்வளவே. சிம்னியின் உயரம் ஒன்றுதான், குறையும் ஒன்றுதான், காட்டின் மேற்பரப்பைத் தேய்க்கும் ஒரு பஃபிங்கில் போன 0.3 மி.மீ. மட்டுமே வேறுபாடு. ஆகவே திரும்பி வராத கோன்கள் நல்ல கோன்கள் என்று எண்ண வேண்டாம். தறியின் அகலத்தை மாற்றினால் அவை கோடு போடத் தொடங்கும்.

பாட்டம் ரோலரின் 8.23-ஐ வைத்து வகுத்தாலும் 20.05 வருகிறது. 27-இன் இருபது மடங்கும் 30-இன் பதினெட்டு மடங்கும் ஒரே எண்ணாக இருப்பதால் வரும் பொருத்தம் இது. துணியை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. மூன்று காப் சோதனையைத் தவிர்க்க வழியில்லை.

ஜூலை 15, இரவு

திருப்பூரிலிருந்து நிட்டிங் நடத்தும் ஒருவர் இதே கணக்கைத் தன் இயந்திரத்துக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். 30 அங்குல விட்டம், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி), ஏறக்குறைய 2,260 ஊசிகள், கண்ணி நீளம் 2.8 மி.மீ., ஒரு சுற்றுக்கு 6.3 மீட்டர் நூல் என்பதெல்லாம் சரி. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை சேர்கிறது. அத்தகைய இயந்திரத்தில் பொதுவாக 90 ஃபீடர்கள் (நூல் ஊட்டும் இடங்கள்) இருக்கும். அடுத்தடுத்த வரிகள் வெவ்வேறு கோன்களிலிருந்து வருகின்றன. அதே கோன் மீண்டும் வருவது 90 வரிகள் கழித்து. ஆகவே ஒரு கெட்ட கோனின் 9 செ.மீ. அலை அங்கே கோலமாக அடுக்கப்படுவதில்லை. வட்டப் பின்னலில் குறுக்குப் பட்டை விழுந்தால் நான் முதலில் ஐயுறுவது குறுகிய அலைகளை அல்ல. கோனுக்குக் கோன் நம்பர் மாறுவதையும், ஒரு சுற்றைவிட நீண்ட அலைகளையும்தான். தறிக்காரர்கள் இரண்டு கோன்களிலிருந்து மாற்றி மாற்றி ஊடை கொடுப்பதும் இதே தத்துவம்தான். அது கோட்டைக் கலைக்கிறது, குறையை நீக்குவதில்லை.

ஜூலை 17

காப் எடுத்து லேபில் சோதிப்பதைப் பற்றியே இதுவரை எழுதினேன். மறுபடி வாசித்தபோது அது போதாது என்று தோன்றியது. 50 கிராம் காப்பில் 40-ஆம் நம்பர் நூல் 3,400 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். லேபில் அதில் 400 மீட்டரைப் பார்க்கிறோம். அதுவும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிண்டில்கள் உள்ள ஃபிரேமில் சில காப்களை மட்டும். ஒரு தனிக் காட் கெட்டிருப்பது அந்த வலையில் சிக்குவது அதிர்ஷ்டம்.

காப் நூலைக் கோனாகச் சுற்றும் ஆட்டோகோனரில் உள்ள கிளியரரோ (நூல் குறையைக் கண்டு வெட்டும் கருவி) ஒவ்வொரு மீட்டரையும் பார்க்கிறது. புதிய கிளியரர்களில் காலமுறைக் குறையைக் கண்டறியும் வசதி இருக்கிறது. பல ஆலைகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. தவறான அலாரம் அதிகம் என்று காரணம் சொல்கிறார்கள். அந்த அலாரங்களில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அதே 9.1 செ.மீ. குறை ரிங் ஃபிரேமில் ஓடும்போது நொடிக்கு 3.2 முறை வருகிறது. லேபில் நிமிடத்திற்கு 400 மீட்டர் வேகத்தில் 73 ஹெர்ட்ஸ். ஆட்டோகோனரில் நிமிடத்திற்கு 1,200 மீட்டர் வேகத்தில் 219 ஹெர்ட்ஸ். அதிர்வெண் இடத்துக்கு இடம் மாறுகிறது, நீளம் மாறுவதில்லை. ஆட்டோகோனரில் வேகம் நிலையாகவும் இருப்பதில்லை: ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது, காப் தீரும் தறுவாயில் குறைக்கப்படுகிறது. சமிக்ஞையை நேரத்தின் ஒழுங்கில் மாதிரி எடுத்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் சிம்னி நாலாபுறமும் சிந்தி, குன்றாகப் படிந்துவிடும். கோனைச் சுழற்றும் டிரம்மின் சுழற்சித் துடிப்பை வைத்து நீளத்தின் ஒழுங்கில் மாதிரி எடுத்தால் கூர்மையாக நிற்கும். ஆகவே அந்த வசதியை இயக்கும் முன் நீளக் கணக்கு சரியாகப் பதிகிறதா என்று ஒரு கோனின் மீட்டரை அளந்து ஒப்பிடுங்கள். எந்த வேகத்திலும் மாறாத அளவில் கேள்வி கேட்டால்தான் இயந்திரம் தெளிவாகப் பதில் சொல்கிறது.

ஜூலை 18

கோயம்புத்தூரில் சி.என்.சி. பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ஆலைக்காரர்களின் இந்தக் கணக்கு தமக்கும் உதவுமா என்று கேட்கிறார். உதவும், உங்களிடத்தில் நீளத்துக்குப் பதில் சுழற்சி. நான்கு பல் மில்லிங் கட்டர் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் 50 ஹெர்ட்ஸ், பல் வெட்டும் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். அதிர்வு சமிக்ஞையில் 200-உம் அதன் மடங்குகளும் இருப்பது இயல்பு. 50 ஹெர்ட்ஸ் உயர்ந்தால் கட்டர் மையம் விலகியிருக்கிறது அல்லது ஒரு பல் மட்டும் தேய்ந்தோ உடைந்தோ இருக்கிறது. 50-இன் எந்த மடங்கிலும் சேராத இடத்தில் ஓங்கிய முனை எழுந்தால் அது பெரும்பாலும் சாட்டர் (வெட்டும்போது தானே வளரும் அதிர்வு); வேகத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள், அந்த முனை சுழற்சியோடு அதே விகிதத்தில் நகராது. கருவி ஒரே வீச்சு எண்ணைக் காட்டி "அதிர்வு அளவு சரி" என்று சொன்னால், முதல் குறிப்பில் சி.வி.யைப் பற்றி எழுதியது அப்படியே பொருந்தும். நம் நாட்டில் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மின் இரைச்சலைக் கட்டர் குறையாக எண்ணாமலிருக்க 2,900 சுற்றிலும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

ஜூலை 20

மழை நாட்களில் உஸ்டர் அளவு மாறுகிறது என்ற குறிப்புக்குச் சுருக்கமான பதில். கருவி மின்தேக்கித் தகடுகளின் நடுவே நூலை ஓட்டி அளக்கிறது; நீரின் மின்கடத்தா மாறிலி (டைஎலக்ட்ரிக் மாறிலி) பஞ்சைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் ஈரப்பதம் தடிமன் போலவே பதிவாகும். நம் நாட்டுச் சோதனைச் சூழல் 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம், இரண்டிலும் கூடக்குறைய 2. அதில் காப்களை ஒரு நாள் வைத்த பிறகே சோதிக்க வேண்டும். ஆயினும் ஈரம் மெல்ல மாறும் பொருள். அது நம்பரையும் மிக நீண்ட அலைகளையும் குழப்பும், 9 செ.மீ.யில் சிம்னி எழுப்ப அதனால் முடியாது. மழையைக் காரணம் காட்டிக் காட்டைத் தப்பவிட வேண்டாம்.

ஜூலை 23

கேள்வி கேட்டவர் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். திரும்பி வந்த கோன்களின் ஸ்பிண்டில்களில் மும்மூன்று காப் எடுத்ததில் சிம்னி தனித்தனி ஸ்பிண்டில்களில் மட்டும் நின்றது, அக்கம்பக்கத்தில் இல்லை. காட்டுகளைக் கழற்றி டயல் கேஜில் சுழற்றியதில் மையம் விலகியிருந்தது. எல்லாம் ஒரே தொகுதியில் புதிதாக ஏற்றி 30 மி.மீ.க்குத் தேய்த்தவை. ஆகவே பஃபிங் இயந்திரத்தின் தண்டையும் அதன் பேரிங்கையும் பார்க்கச் சொன்னேன். தண்டில் கையால் உணரும் அளவுக்கு ஆட்டம் இருக்கிறது என்கிறார். அதைச் சரிசெய்யாமல் காட்டுகளை மட்டும் மீண்டும் தேய்த்தால் அதே குறையை 29.8 மி.மீ.யில் மறுபடி செதுக்குவதாகத்தான் முடியும். முதலில் பேரிங், பிறகு நல்ல காட் ஒன்றைத் தேய்த்து அளந்து பார்ப்பது, அதன் பிறகே அந்தத் தொகுதி முழுவதும்.

பஃபிங் பதிவேட்டில் தேதியோடு காட்டின் விட்டத்தையும் ஃபிரேம் எண்ணையும் எழுதத் தொடங்குங்கள். விட்டம் தெரியாமல் அடுத்த முறை 8.9-இல் வரும் சிம்னியைப் பாட்டம் ரோலர் என்று எண்ணி ஃபிரேமை நிறுத்திவிடுவீர்கள்.

2.5 மீட்டர் சிம்னி எல்லா ஸ்பிண்டில்களிலும், ஆனால் ஃபிரேமின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது அந்தப் பக்கத்துப் பின் ரோலர் வரிசையைச் சுழற்றும் பல்சக்கரம். நிரம்பிய காப்களை எடுக்கும் அடுத்த டாஃப் நேரத்தில் கியர் மூடியைத் திறந்து, அந்த வரிசையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கடினமாகும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, அங்கே எந்தப் பல் பொருந்துகிறது என்று எழுதுங்கள்.